மறு: மறு: ‘ஃபங்ஷனல்’ என்பதற்குத் தமிழ் – வெள்ளிக்குள் வேண்டும்

நண்பர்களே,

நோயாளிகளுக்கான கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ‘ஃபங்ஷனல் நியூரலாஜிக்கல் டிஸார்டர்’ (எஃப்.என்.டி.) என்பதைச் ‘செயற்பாட்டு நரம்பியல் கோளாறு’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த ஒரு பெண், “செயற்கை என்கிறீர்களா? நான் நடிக்கிறேனா?” என்று கேட்டுவிட்டார்.

ஏழு மாதம் இடக்கால் வராமல் இருந்தவர். காலைக் கட்டிலில் அழுத்தச் சொன்னால் அழுத்த முடியாது. இயன்முறை மருத்துவர் வலக்காலைத் தூக்கச் சொல்லி மேலிருந்து தடுத்தார். இடக்கால் தானே கட்டிலை அழுத்தியது. 1908இல் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவைத்த சோதனைதான். மருத்துவர்கள் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். இவர் அந்தப் பெண்ணிடமே அந்தக் காலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஆறாவது வாரம் மாடி ஏறினார், யாரும் எதிர்பார்க்கவில்லை. நரம்பு அறுபடவில்லை, அதை இயக்கும் முறைதான் பிசகியிருக்கிறது என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.
– செ.ம.

>> ‘செயற்கை’ இழிசொல் அன்று. “செயற்கைப் பொருளை ஆக்கமொடு கூறல்” என்பது தொல்காப்பியம்; இயல்பு மாறிய பொருளை ‘ஆயிற்று’ என்று சொல்ல வேண்டும் என்பது பொருள். உரைகாரர்கள், எண்ணெய் பெற்றதால் மயிர் நல்ல ஆயின என்று காட்டுவார்கள், சிகிச்சைதானே அது? காரணம் சொல்லாமல் ‘ஆயிற்று’ என்றாலும் வழக்கில் குற்றமில்லை என்று அடுத்தே விதி இருக்கிறது. உங்கள் நோயாளிக்கு இரண்டும் பொருந்தும். போகட்டும், ‘கோளாறு’ என்பதில் கோள் எப்படி வந்தது என்று...
– நா.க.

>> ஐயா, நோயாளி உரையோடு வருவதில்லை! ‘மன’ என்ற முன்னொட்டையும் யாரும் சேர்க்க வேண்டாம். மன உளைச்சலைக் காட்டியே தீர வேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடே 2013இல் கைவிட்டது. இந்நோயின் பழைய பெயர் ‘ஹிஸ்டீரியா’, கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; அதில் ஒட்டிய கருப்பையை, பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஷார்கோ ஆண் நோயாளிகளைக் காட்டியும் கழற்ற முடியவில்லை. இன்னொன்று: மாடி ஏறிய கதையை முதல் பக்கத்தில் போடாதீர்கள். ஏறாதவர்களை வீட்டார் சந்தேகிப்பார்கள். பிரிட்டனில் 355 பேரிடம், சிறப்பு இயன்முறைப் பயிற்சியை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வில் (2024) முதன்மை அளவீட்டில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் தேறியிருக்கிறோம் என்று சொன்னவர்கள் சிறப்புப் பயிற்சி பெற்றவர்களிடையே அதிகம். ‘நரம்பியக்கத் தடுமாற்றம்’?
– மரு. இரா.

>> தடுமாற்றம் என்றால் குடித்தவர் நினைவு வருகிறது. எஃப்.என்.டி. என்றே விடுங்கள். ‘கேன்சர்’ என்றால் யாருக்குப் புரியவில்லை?
– கு.

ஆதரவு நான்கு, எதிர்ப்பு இரண்டு. ‘நரம்பியக்கத் தடுமாற்றம்’ என்று போட்டு, பக்கத்தில் எஃப்.என்.டி. என்றும் அச்சிடச் சொல்லிவிட்டேன். மாடிக் கதை ஐந்தாம் பக்கத்துக்குப் போய்விட்டது.
– செ.ம.

>> என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘தடுமாற்றம்’ என்பதில் ‘தடு’ பகுதியா என்பதை நாளை விரிவாக எழுதுகிறேன்.
– நா.க.