முதல் மலம் தாமதமானால்: வீட்டுக் குழுவில் பேசியது

கவிதா: சித்தி, எதிர்வீட்டுக் கைக்குழந்தை. பிறந்து 3 நாள். கருப்பு மலம் 50 மணி நேரம் கழிச்சுத்தான் வந்துச்சாம். வயிறு உப்பியிருக்கு. வெத்தலைக் காம்பை வெளக்கெண்ணெயில தோய்ச்சு வைக்கலாமான்னு கேக்கறாங்க.

மாலதி சித்தி: வைக்கவே கூடாது. காம்பு, சோப்புத் துண்டு எது வெச்சாலும் சில சமயம் பீச்சிக்கிட்டு வந்துடும், வயிறும் இறங்கிடும். சரியாப்போச்சுன்னு விட்டுடுவாங்க, நோய் உள்ளயே இருக்கும். நிறைமாசக் குழந்தைங்க பத்துல ஒம்பதுக்கு மேல 24 மணி நேரத்துலயே போயிடும். 48 தாண்டினா காட்டியே ஆகணும். வாந்தி இருக்கா? என்ன கலர்?

கவிதா: காலைல ஒரு தடவை. பச்சையா.

மாலதி சித்தி: அப்போ இப்பவே கிளம்பச் சொல்லு. பச்சை வாந்தின்னா குடல் அடைப்பான்னுதான் முதல்ல பாக்கணும். குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கற ஆஸ்பத்திரிக்கே நேரா போகணும். வழியில பால் கொடுக்கலாமான்னு அங்க ஃபோன்ல கேட்டுக்கட்டும்.

கவிதா: கிளம்பிட்டாங்க. என்னவா இருக்கும் மாமா?

செந்தில் மாமா: அடைப்புக்குக் காரணம் பல இருக்கு. இந்த மாதிரி வந்தா ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயை விடாமத் தேடணும். சுமார் 5,000 குழந்தைக்கு ஒண்ணு, ஆண் குழந்தைங்கதான் அதிகம். குடலை இயக்கற நரம்பு செல்கள் கருவில 5வது வாரத்துலருந்து 12வது வாரத்துக்குள்ள மேலருந்து ஆசனவாய் வரைக்கும் இறங்கி வரணும். நடுவுல நின்னுட்டா அதுக்குக் கீழ இருக்கற குடல் சுருங்கினபடியே இருக்கும். மேல இருக்கற நல்ல குடல் முக்கி முக்கி வீங்கிடும். எக்ஸ்ரே படத்துல வீங்கினதுதான் கண்ணுல படும், ஆனா கோளாறு கீழ ஒல்லியா இருக்கறதுலதான். 1948ல ஸ்வென்சன்னு ஒரு சர்ஜன் அந்தப் பகுதியையே வெட்டி எடுக்கற ஆபரேஷனை வெளியிட்டப்பதான் வழி தெளிவாச்சு.

கவிதா: எப்படி உறுதி பண்ணுவாங்க?

செந்தில் மாமா: முதல்ல ஆசனவாய் வழியா, படத்துல குடல் தெரியறதுக்கான மருந்து ஏத்தி எக்ஸ்ரே. அதுக்கு முன்னாடி குடல் கழுவினா சுருங்கின இடம் விரிஞ்சு படம் ஏமாத்திடும். முடிவு சொல்றது பயாப்சிதான். ஆசனவாய்க்கு உள்ள பல்வரிசைக் கோடுன்னு (dentate line) ஒண்ணு இருக்கு, அதுக்கு 2 செ.மீ. மேல துளி சதை உறிஞ்சி எடுப்பாங்க. அங்க வலி தெரியாது, மயக்க மருந்தும் தேவையில்ல. சதை மேலோட்டமா வந்தா நரம்பு செல் இருக்கா இல்லையான்னு சொல்ல முடியாது, மறுபடி எடுக்கணும்.

மாலதி சித்தி: ஆபரேஷன் வரைக்கும் குடல் கழுவுவோம். வெதுவெதுப்பான நார்மல் சலைன், ஒரு தடவைக்கு கிலோவுக்கு 10லருந்து 20 மி.லி., மெத்துன்னு இருக்கற குழாய்ல. உள்ள விட்டது தானா வழிஞ்சு வெளிய வரணும், எவ்வளவு வந்துச்சுன்னு அளக்கணும். குழாய்த் தண்ணி கூடவே கூடாது, உடம்பு அதை உறிஞ்சி சோடியம் இறங்கி வலிப்பு வரும்.

செந்தில் மாமா: ஆபரேஷன்ல செல் இல்லாத குடலை எடுத்துட்டு, நல்ல குடலைக் கீழ இழுத்து ஆசனவாய்க்கு மேல தைப்போம். ரொம்பப் பேருக்கு வயித்தைக் கீறாமயே, ஆசனவாய் வழியாவே முடியும். தைக்கறதுக்கு முன்னாடி நல்ல குடலோட முனைலருந்து துளி சதை எடுத்து, உறைய வெச்சு உடனே மைக்ரோஸ்கோப்ல பாக்கணும். பாதி செல் இருக்கற இடத்துல தைச்சா பழைய தொல்லை திரும்பிடும். குழந்தை மோசமா இருந்தா, இல்ல நீளமான குடல் கெட்டிருந்தா, முதல்ல ஸ்டோமா, அதாவது மலம் போக வயித்துல குடலுக்கு ஒரு வாசல் வைப்போம்.

கவிதா: அப்புறம் சரியாயிடுமா?

மாலதி சித்தி: பெரும்பாலும் நல்லா வளருவாங்க. முதல் சில வாரம் அடிக்கடி போகும், புண்ணாகும். ஒவ்வொரு தடவையும் தண்ணியில கழுவி, ஒத்தித் துடைச்சு, ஜிங்க் ஆக்சைடு கனமாப் பூசணும். சர்ஜன் சொல்லாம ஆசனவாயில தெர்மாமீட்டர், எனிமா எதுவும் வைக்கக் கூடாது, தையல் பிரிஞ்சிடும்.

செந்தில் மாமா: இதை அவங்ககிட்ட எழுதியே கொடு கவிதா. காய்ச்சல், வயிறு உப்பல், நாத்தமடிச்சுப் பீச்சற பேதி, குழந்தை சோர்ந்து கிடக்கறது. இது குடல் அழற்சி. ஆபரேஷனுக்கு முன்னாடியும் வரும், நல்லபடியா முடிஞ்சு மாசக்கணக்கா ஆனப்புறமும் வரும். சாதா பேதின்னு ஓஆர்எஸ் கொடுத்துக்கிட்டு வீட்ல இருக்கக் கூடாது. ராத்திரி 2 மணியா இருந்தாலும் தூக்கிட்டு ஓடணும்.