புது டிஸ்கில் கம்பு மெதுவாகச் சுற்றுகிறது: உங்கள் வீட்டிலும் இப்படி ஆனதா?

செந்தூல்_கம்பு

யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும், அதனால் எழுதுகிறேன். படம் 'எயிட் டயகிராம் போல் ஃபைட்டர்', 1984, ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் எடுத்தது. நடிகர் ஃபூ ஷெங் பாதியில் கார் விபத்தில் போய்ச் சேர, அவர் இல்லாமலே முடித்தார்களே, அதே படம். கதை சொல்ல மாட்டேன். பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி.

அப்பா கோலாலம்பூர் செந்தூலில் கோயிலுக்குப் பின்னால் முப்பது வருடம் சிலம்பம் சொல்லிக்கொடுத்தவர். இந்தப் படம் அவரிடம் டேப்பில் இருந்தது. வாடகைக் கடை கேசட்டிலிருந்து யாரோ நகல் எடுத்துக் கொடுத்தது. வகுப்பு முடிந்ததும் பையன்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவார். வீடு மாறிய சமயத்தில் அந்த டேப் தொலைந்துவிட்டது. போன மாதம் அப்பாவுக்கு 70 முடிந்தது. கூரியரோடு சேர்த்து 190 மலேசிய வெள்ளி கொடுத்து ப்ளூ-ரே வரவழைத்தேன்.

படம் கண்ணாடி மாதிரி இருந்தது. துறவி உடையில் நெசவு தெரிகிறது, நாயகன் கார்டன் லியுவின் மொட்டைத் தலையில் வியர்வை தெரிகிறது. அப்பா வாயே திறக்கவில்லை. சவப்பெட்டி அடுக்கி வைத்த இடத்துச் சண்டை வந்ததும் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி நிறுத்தினார். "இது கம்பு சத்தம் இல்லம்மா. தண்ணிக் குழாய்." மறுபடி ஓடவிட்டார். "இவனுக்கு என்ன காய்ச்சலா? கை ஓடலையே."

எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் நிற்கும் தன் கம்பை எடுத்து வந்தார். சோபாவைக் காலால் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு வீச்சு, நுனி தரையில் பட்டது. பிளாட் வீடு. கீழ் வீட்டுச் சீன ஆன்ட்டி ஓடி வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். "கேட்டீங்களா, இதான் சத்தம்" என்று மலாயில் அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

190 வெள்ளி போனது போகட்டும். வேறு யார் வீட்டிலாவது நல்ல டிஸ்க் வாங்கிப் பழசே பரவாயில்லை என்று ஆகியிருக்கிறதா?

ஜெலுத்தோங்_பேரன்

உங்களுக்காவது ஓடியது! நான் தம்பி கல்யாணத்துக்கு இங்கிலாந்திலிருந்து குங்ஃபூ பெட்டி ஒன்று வரவழைத்தேன். ப்ளூ-ரேயில் மலேசியா ஏ மண்டலம், இங்கிலாந்து பி மண்டலம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பெண் வீட்டுச் சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேர் தட்டில் முறுக்கோடு உட்கார்ந்திருக்க, திரையில் 'இந்த டிஸ்க்கை இயக்க முடியாது' என்று ஒரே ஒரு வரி. அதையும் ஒரு மாமா சத்தமாகப் படித்துக் காட்டினார். இன்றுவரை தம்பி மாமனார் என்னைப் பார்த்தால் "டிஸ்க் ஓடுச்சா?" என்றுதான் கேட்கிறார்.

4கே டிஸ்க்குக்கு மண்டலம் கிடையாது, அது எங்கேயும் ஓடும். ஆனால் அதற்கு 4கே பிளேயர் வேண்டும். அதோடு 2024 ஜனவரியிலிருந்து ஆன்லைனில் வெளிநாட்டிலிருந்து வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட சாமானுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி வேறு.

இரண்டு_குரல்

பசார் மாலாம் (இரவுச் சந்தை) விசிடி காலம். இடது ஸ்பீக்கரில் கண்டனீஸ், வலதில் மெண்டரின். பிளேயரில் ஒரு பட்டனை அழுத்தினால் பிரிந்துவிடும், அது எங்கள் யாருக்கும் தெரியாது. எல்லாச் சீனப் படத்திலும் எல்லாரும் இரண்டு குரலில் சேர்ந்து பேசுவதைக் கேட்டே வளர்ந்தோம். வில்லன் கோபமாக இருந்தால் அப்படித்தான் பேசுவான் என்று நினைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் சித்தப்பா வீட்டில் ஒற்றைக் குரலில் கேட்டபோது படமே ஊமையான மாதிரி இருந்தது. அதோடு முதல் டிஸ்க் முடிவது எப்போதும் குதித்த காலோடு. அடுத்த டிஸ்க்கைப் போடும்வரை அவன் ஆகாயத்திலேயே நிற்பான்.

உலு_கிள்ளான்

ஜாக்கி சான் 'சூப்பர் காப்' (போலீஸ் ஸ்டோரி 3, 1992) கடைசிக் காட்சிகளை நம் கோலாலம்பூரில்தான் எடுத்தார்கள், தெரியாதவர் யாரும் இங்கே இருக்க மாட்டீர்கள். ஹெலிகாப்டர் ஏணியில் தொங்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவாரே. இரட்டைக் கோபுரம் முளைக்காத ஊர்.

என் பெரிய மாமா அந்தப் படப்பிடிப்புக் கூட்டத்தில் நின்றவர். அவர் சொல்கிறார். திரையில் இடது ஓரத்தில் நீலச் சட்டை போட்டு நிற்பதாக முப்பது வருடமாகச் சத்தியம் செய்கிறார். விசிடியில் இல்லை. டிவியில் போட்டபோதும் இல்லை. பொய் சொல்கிறார் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டோம். படம் அகலத் திரைப் படம், 2.35க்கு 1. பழைய டிவிச் சதுரத்துக்கு வெட்டினால் நூற்றில் 43 பங்கு ஓரம் போய்விடும் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? மாமா அந்த 43க்குள் மாட்டிக்கொண்டார்.

போன தீபாவளிக்கு முழு அகல டிஸ்க் வாங்கினேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினோம். இருந்தது! இடது ஓரம், நீலமாக ஒன்று. இரண்டு நொடி. மாமா எழுந்து நின்றே விட்டார், கண் கலங்கிவிட்டது. அத்தை கிட்டே போய்க் கண்ணாடி மாட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப உங்களுக்கு மீசை இருந்துச்சே, இவனுக்கு இல்லையே" என்றார்.

இதைவிடக் கூர்மையான டிஸ்க் இருந்தால் யாராவது சொல்லுங்கள். மீசை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும்.

பாயான்_லெப்பாஸ்

எங்கள் கதை 'த ரெய்ட்'. நமக்கெல்லாம் மலாய் தெரியும் என்பதால் இந்தோனேசியப் படத்துக்குச் சப்டைட்டில் எழுத்து வேண்டாம் என்று அணைத்துவிட்டேன். அம்மா ஃபேக்டரியில் இந்தோனேசியப் பெண்களோடு பதினைந்து வருடம் வேலை செய்தவர். அந்தக் கட்டடத்துக்குள் அவர்கள் திட்டுகிற திட்டுக்கெல்லாம் அம்மா சிரிக்கிறார், நானும் தங்கையும் விழிக்கிறோம். எழுத்தைத் திரும்பப் போட்டால் ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே திட்டு. "இவ்வளவுதான் போட்டிருக்கானா?" என்று அம்மாவுக்கு ஏமாற்றம். வாங்குகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அமெரிக்கப் பதிப்பில் இசையே வேறு, மைக் ஷினோடா போட்டது. இந்தோனேசிய இசையமைப்பாளர்கள் போட்டது இன்னொரு பதிப்பில் இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஏன் என்று கேட்காதீர்கள்.

ஃபிரேம்_கணக்கு

செந்தூல் கம்பு, அப்பாமேல் மரியாதை உண்டு. ஆனால் 'இதுதான் கம்பு சத்தம்' என்று ஒன்று அந்தப் படத்தில் என்றைக்கும் இருந்ததில்லை. அந்தக் காலத்து ஹாங்காங் படங்களில் படப்பிடிப்பில் ஒலியே பதிய மாட்டார்கள். வசனம், மூச்சு, அடி எல்லாம் பிறகு ஸ்டுடியோவில் சேர்த்தது. (உலு கிள்ளான் சொன்ன 'சூப்பர் காப்' வேறு, ஜாக்கி சான் படங்களில் நேரடி ஒலிப்பதிவு அதில்தான் முதலில் வந்தது.) அப்பா டேப்பில் கேட்டதும் யாரோ அறைக்குள் மரத்தைத் தட்டிய சத்தம்தான்.

என் அனுபவம்: இதே படம் டிவிடியில் வாங்கினேன், பிடிக்கவில்லை, விற்றுவிட்டேன். அவ்வளவுதான். ஆனால் சிலதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டிஸ்க் மெனுவில் ஒலிப் பகுதிக்குப் போங்கள். தானாக ஓடுவது 5.1 ஆக (ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த ஒலி) இருக்கும். பல பழைய படங்களுக்கு 5.1 செய்கிறேன் என்று புதிய அடிச் சத்தத்தை ஒட்டிவிடுகிறார்கள். அப்பா சொன்ன தண்ணிக் குழாய் அதுதான். கீழே மோனோ (பழைய ஒற்றைத் தட ஒலி) என்று ஒன்று இருந்தால் அதைப் போடுங்கள்.

அடுத்து டிவி. அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று பெரும்பாலான புது டிவியில் இருக்கும், அதை அணையுங்கள். கூர்மையைக் குறையுங்கள். படத்தில் பொடிப் பொடியாகத் தெரிவது அழுக்கு இல்லை, ஃபிலிமின் மணித்துகள் (கிரெய்ன்). அதைத் துடைத்தெடுத்த டிஸ்க்கில் நடிகர் எல்லாம் மெழுகுபொம்மை ஆகிவிடுவார்கள், கம்பு வேகமாகச் சுற்றும்போது நுனியே காணாமல் போகும். அட்டையில் 'ரீமாஸ்டர்' என்று இருப்பதை நம்பி வாங்காதீர்கள். எந்த நெகடிவிலிருந்து, எப்போது ஸ்கேன் செய்தார்கள் என்று பாருங்கள். ஷா நெகடிவ்கள் 2000ஆம் ஆண்டு நம் அஸ்ட்ரோ டிவி குழுமத்தின் செலஸ்டியல் பிக்சர்ஸ் கைக்கு வந்தன, 760 படங்களுக்கு மேல். அது நடக்காமல் இருந்தால் இன்றைக்கு நாம் அடித்துக்கொள்ள டிஸ்க்கே இருந்திருக்காது.

கடைசியாக, 'கை ஓடலையே'. அப்பா சொன்னது நிஜம், ஆனால் தலைகீழ். ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம். அந்தக் காலத்தில் நம் நாட்டு டிவியும் டேப்பும் 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 25. எனவே டேப்பில் படம் நான்கு விழுக்காடு வேகமாக ஓடும். 98 நிமிடப் படம் 94 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். சண்டைகளைக் கேமராவை மெதுவாக ஓட்டிப் படம் பிடித்து ஏற்கெனவே வேகப்படுத்தும் வழக்கம் வேறு உண்டு. அதற்கு மேல் இது. அப்பா இத்தனை வருடம் பார்த்ததுதான் தப்பான வேகம். இப்போது ஓடுவதுதான் சரி.

இரண்டு_குரல்

அவர் கேட்டது 'உங்கள் வீட்டில் இப்படி ஆனதா' என்றுதானே? 'எனக்கு டிவி செட்டிங் சொல்லித்தாருங்கள்' என்று எங்கே கேட்டார்?

ஃபிரேம்_கணக்கு

தெரிந்ததைச் சொன்னேன். வேண்டாதவர் படிக்க வேண்டாம். விசிடியில் இரண்டு குரலைப் பிரிக்க பட்டன் இருப்பது அன்றைக்கே யாராவது உங்களுக்கு இப்படிக் கேட்காமல் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உலு_கிள்ளான்

என் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. மீசை.

செந்தூல்_கம்பு

சண்டை வேண்டாம். ஃபிரேம் கணக்கு அண்ணே, முதலில் எரிச்சல்தான் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் மோனோ போட்டேன். இருந்தது! அடுப்படியில் தே ஆற்றிக்கொண்டிருந்த அப்பா குவளையோடு ஹாலுக்கு வந்து நின்றார். முதல் அடியிலேயே தலையாட்டினார். "ஆ. இது மூங்கில்."

வேகத்தைச் சொல்வதில்தான் சிக்கல். 24, 25 என்று விரல் விட்டு விளக்கினேன். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்ப நான் பசங்களை ஓட விட்டதெல்லாம்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டேப்பை ஓடவிட்டு, அந்தச் சுற்று வேகத்துக்குப் பையன்களின் மணிக்கட்டு வரவேண்டும் என்று நிற்க வைத்துச் சுற்ற விடுவார். கை வீங்கிப் போனவர்கள் உண்டு. ஒரு அண்ணன் அழுதது எனக்கே ஞாபகம் இருக்கிறது. மனிதனே சுற்றாத வேகத்துக்குத் துரத்தியிருக்கிறார்.

ஐந்து நிமிடம்தான் அந்தக் கவலை. "அதனாலென்ன, கப் வாங்கினாங்கள்ல" என்று தே குடிக்கப் போய்விட்டார். இன்று காலை புதுப் பிடிவாதம்: உன் கணக்கை எப்படி நம்புவது, டேப்பைப் போட்டுக் கடிகாரம் வைத்துப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். டேப்பைத் தேடச் சொல்கிறார்.

டேப் தொலையவில்லை. வீடு மாறும்போது மூன்று பெட்டி கேசட்டைப் பழைய சாமான் லோரியில் ஏற்றிவிட்டது நான்தான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஜெலுத்தோங்_பேரன்

ஐயோ. சரி, கேளுங்கள். எங்கள் தாத்தா வீட்டு மேல்மாடியில் இதே படம் டேப்பில் இருக்கிறது, அட்டையில் சீன எழுத்தோடு கம்பு பிடித்த மொட்டை. பினாங்கு ஈரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. விசிஆர் இருக்கிறது, விளக்கு எரிகிறது. பூஞ்சணத்தோடு உள்ளே தள்ளினால் டேப்பைப் படிக்கும் ஹெட் போய்விடும், முதலில் துடைக்க வேண்டும். எப்படித் துடைப்பது என்று ஃபிரேம் கணக்கு அண்ணனைத்தான் கேட்க வேண்டும், இந்த முறை நிஜமாகவே கேட்கிறோம்.

ஃபிரேம்_கணக்கு

தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்.

செந்தூல்_கம்பு

சனிக்கிழமை காலை பஸ்ஸில் பினாங்கு வருகிறேன். கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். அப்பாவிடம் நாசி கண்டார் வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போவார்களா என்று கேட்கவே இல்லை, இரண்டு பொட்டலம் சொல்லியிருக்கிறார்.