புதுப்பிப்பு: கும்பகோணம் ஆடிட்டும் தாராசுரமும்

கும்பகோணத்தில் ஆடிட் வேலை, நடுவில் ஊர் சுற்றி நண்பனையும் பார்க்க முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன். முடிந்தது. மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்று சொன்னீர்களே, அதனால் பகலில் கணக்கு, மாலையில் கோயில் என்று வைத்துக்கொண்டேன். நண்பன் திருவாரூரிலிருந்து பைக்கில் வந்துவிட்டான்.

தாராசுரம் பக்கம்தான். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில் யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாகச் செதுக்கிய சிற்பம் இருக்கிறது. ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கம் மறைத்தால் காளை. நண்பன் அதை விட்டு நகரவே இல்லை. அப்புறம் டிகிரி காபி, பழைய கதைகள்.

தஞ்சைப் பெரிய கோயிலை விட்டுவிட்டேன். அரை மணியில் பார்த்துவிட்டு ஓடுகிற இடமா அது?