புதுப்பிப்பு: ஸ்லைடு மாறினாலும் இசை நிற்கவில்லை

பவர்பாயிண்ட் ஸ்லைடுகளில் பின்னணி இசை பாதியில் நிற்கிறது, என் குரலும் வெட்டுப்படுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டும் சரியாகிவிட்டன.

இசைக்கு, ஒலி ஐகானைத் தேர்ந்தெடுத்து பிளேபேக் பகுதியில் ‘பிளே அக்ராஸ் ஸ்லைட்ஸ்’ என்பதை டிக் செய்தால் போதும். ஒலியளவைக் குறைத்தே வையுங்கள். பேச்சு கேட்பதுதான் முக்கியம்.

குரல்தான் என்னை ரொம்ப அலைக்கழித்தது. ஒரு ஸ்லைடு அடுத்ததற்கு மாறும் அந்த நேரத்தில் குரல் பதிவாவதில்லை. நானோ பேசிக்கொண்டே அடுத்ததைத் தட்டிவிட்டேன், வாக்கியத்தின் வால் போய்விட்டது. இப்போது வாக்கியத்தை முடித்து, ஒரு மூச்சு விட்டு, புது ஸ்லைடு முழுதாக வந்தபின் பேசுகிறேன். குரல் ஸ்லைடுவாரியாகச் சேமிக்கப்படுவதால், கெட்டுப்போன நான்கை மட்டும் மறுபடி பதிந்தேன். எவ்வளவு நிம்மதி! அப்புறம் எம்பி4 வீடியோவாக மாற்றிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது.