விக்டோரியா ராணியின் சவப்பெட்டி ஒரு கப்பலில், மகன் வேறு கப்பலிலா?

நானுஓயா வேன்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். நானுஓயா ஸ்டேஷனில் இறங்கும் வெள்ளைக்காரர்களை ஏற்றி நுவரெலியாவைச் சுற்றிக் காட்டுவதுதான் என் பிழைப்பு. விக்டோரியா பார்க் வாசலில் சொல்ல ஒரு வசனம் வைத்திருக்கிறேன். "1897இல் ராணியின் வைர விழாவுக்கு வைத்த பெயர். நாலு வருஷத்தில் ராணி போய்விட்டார். பெட்டியைக் கப்பலில் ஏற்றி, மகன் பக்கத்திலேயே அழுதுகொண்டு வந்தார்." கடைசித் துண்டு எப்போதோ ஒரு பயணி சொன்னது. ஏழெட்டு வருஷமாக அதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று வந்த கிழவர் ஒருவர் டிக்கெட் எடுக்கும் இடத்திலேயே என்னை மறித்துவிட்டார். மகன் வந்தது வேறு கப்பலாம். அரைக்கம்பத்தில் பறந்த கொடியை அந்த மகனே மேலே ஏற்றச் சொன்னாராம். மீதியைச் சொல்வதற்குள் மழை கொட்டிவிட்டது. பெற்ற தாயின் பெட்டி இன்னும் மண்ணுக்குப் போகவில்லை, எந்தப் பிள்ளை அப்படிச் சொல்லும்? யாருக்காவது விஷயம் தெரியுமா?

கட்டுகஸ்தோட்டை ஓய்வூதியர்:
தம்பி, கிழவர் சொன்னது சரி. ராணி இறந்தது 1901 ஜனவரி 22, வைட் தீவில் இருந்த ஒஸ்போர்ன் மாளிகையில். தீவு என்பதால் கடலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பெப்ரவரி 1ஆம் தேதி பீரங்கி வண்டியில் பெட்டியைத் துறைக்குக் கொண்டுவந்து, 'அல்பெர்ட்டா' என்ற சின்ன அரச படகில் ஏற்றினார்கள். பக்கச் சக்கரம் சுழன்று ஓடும் நீராவிப் படகு அது. மேல்தளத்தில் பந்தல் மாதிரி ஒன்று போட்டு, அதன் கீழே பெட்டி.

புது ராஜா ஏழாம் எட்வர்ட் பின்னால் வந்த பெரிய அரச கப்பலில் இருந்தார். அதன் பெயர் 'விக்டோரியாவும் ஆல்பர்ட்டும்'. தாய் தகப்பன் பெயர் எழுதிய கப்பலில் நின்று, தாயின் பெட்டி முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டு வருவது எப்படி இருந்திருக்கும்! அவருக்குப் பின்னால் ராணியின் பேரன், ஜெர்மன் சக்கரவர்த்தி வில்ஹெல்மின் கப்பலும் வந்தது. வழி நெடுக போர்க்கப்பல்கள் வரிசைகட்டி நிற்க, நிமிடத்துக்கு ஒரு பீரங்கி வெடி. கரையெல்லாம் சனம்.

கொடிக் கதை இப்படிச் சொல்லப்படுகிறது. தன் கப்பலில் அரச கொடி தாழ்ந்து பறப்பதைக் கண்டு ராஜா ஏன் என்று கேட்டார். "ராணி இறந்துவிட்டார், ஐயா" என்றார் கப்டன். "ராஜா உயிரோடு இருக்கிறார்" என்று சொல்லிக் கொடியை உச்சிக்கு ஏற்றவைத்தாராம். கல்நெஞ்சு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அரச கொடியை அரைக்கம்பத்தில் விடும் வழக்கமே அங்கே இல்லை. ஒருவர் கண் மூடிய நொடியே அடுத்தவர் ராஜா.

தெல்தெனியா பையன்:
நம்ம கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனையும்தான் வெள்ளைக்காரர்கள் பிடித்துக் கப்பல் ஏற்றினார்கள். 1816 ஜனவரி 24, கொழும்பிலிருந்து 'கார்ன்வாலிஸ்' கப்பலில் சென்னைக்கு, அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கு. அவருக்கு ஒரு பார்க்கும் இல்லை, ஒரு கதையும் இல்லை. வேன்கார அண்ணன் அதையும் சேர்த்துச் சொல்லலாமே.

கொட்டகலை அக்கா:
இன்னொரு விஷயம் இருக்கிறது தம்பி. புருஷன் 1861இல் போனதிலிருந்து அந்த அம்மா நாற்பது வருஷம் கறுப்பைத் தவிர வேறு உடுத்தவில்லை. ஆனால் தன் சாவுக்கு வெள்ளைதான் வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். வெள்ளை உடுப்பு, கலியாணத்தன்று போட்ட முக்காட்டுத் துணி, பெட்டிமேல் வெள்ளைப் போர்வை. நம்ம தோட்டத்தில் ஒரு சாவு என்றால் லயத்துப் பிள்ளைகள் ரோட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டி வெள்ளைக் கொடி தொங்கவிடுவார்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

நானுஓயா வேன்காரன்:
ரொம்ப நன்றி ஐயா, அக்கா. அப்போ முன்னால் பெட்டி, பின்னால் மகன். சரி, வசனத்தை மாற்றிவிட்டேன். தெல்தெனியாத் தம்பி, கண்டி ராஜாவை ஹக்கல போகிற வழிக்கு வைத்துக்கொள்கிறேன், அங்கே ரோட்டில் நேரம் இருக்கும்.

அந்தக் கிழவர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார், நாளைக் காலை என் வேனைத்தான் கேட்டிருக்கிறார். வெள்ளைத் துணி விஷயத்தை அவர் சொல்லவே இல்லை. அதை நான் முந்திக்கொள்ளப் போகிறேன்.