யூரிக் ஆசிட் சென்சார்: நாளுக்கு ஒரு பீக் வருதுங்க

சென்னிமலைக்காரி:
எம்.எஸ்சி. கடைசி வருசமுங்க. எங்கப்பா குழித்தறி நெய்யுறவரு. யூரிக் ஆசிட் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்குனா தறி மிதிக்க முடியாது. அதுக்காகவே புராஜெக்டுக்கு யூரிக் ஆசிட் அளக்குற இந்த சென்சாரைக் கேட்டு வாங்குனேன். கிளாஸி கார்பன் எலக்ட்ரோடு மேல கிராஃபீனும் (மெல்லிசான கார்பன் தாள்) நஃபியானும் (பூச்சாப் படியற பாலிமர்) கலந்து 5 மைக்ரோலிட்டர் சொட்டு விட்டுக் காய வெக்கறேன். பஃபர், அதாவது பிஎச் மாறாம வெக்கற கரைசல், பிஎச் 7.4. வோல்ட்டேஜை ஏத்தறப்போ யூரிக் ஆசிட் ஆக்சிடைஸ் ஆகிக் கரன்ட்டு மேடா எந்திரிக்கும், அதுதான் பீக். நேத்து வந்ததுல பாதிகூட இன்னைக்கு வரலீங்க. கிராஃபீனைக் கூட்டிப் பார்க்கட்டுங்களா?

பெருந்துறை அண்ணன்:
கூட்டாதீங்க அம்மிணி. டோபமைன்ங்கற மூளை ரசாயனத்தை அளக்குற ஆராய்ச்சிப் பேப்பரைப் பார்த்து நஃபியான் போட்டீங்களா? அந்த பிஎச்சுல டோபமைன் பாசிட்டிவ், நஃபியான் நெகட்டிவ், அதனால இழுத்துக்கும். யூரிக் ஆசிடோட பிகேஏ 5.4 பக்கம், பிஎச் அதைத் தாண்டுனா அது புரோட்டானை விட்டுரும். உங்க பஃபர்ல அது நெகட்டிவ். வைட்டமின் சி வராம இருக்கப் போட்ட வேலி இதையும் சேர்த்துத் தள்ளுது. நஃபியானுக்குப் பதிலா கைட்டோசான்ங்கற பாலிமரை 1 சதவீத அசிட்டிக் ஆசிட்ல கரைச்சுக் கலந்து பாருங்க. வெறும் கார்பன்லதான் யூரிக் ஆசிட், வைட்டமின் சி ரெண்டோட பீக்கும் ஒட்டிக்கிட்டு நிக்கும். கிராஃபீன் நல்லா அமைஞ்சா வைட்டமின் சி குறைஞ்ச வோல்ட்டேஜ்லயே ஆக்சிடைஸ் ஆகி விலகிக்கும்.

காஞ்ச சொட்டை லென்ஸ் வெச்சுப் பாத்தீங்களா?

சென்னிமலைக்காரி:
இப்பத்தான் பாத்தனுங்க. ஓரத்துல கருப்பு வளையம், நடுவுல கார்பன் பளபளன்னு தெரியுது.

பெருந்துறை அண்ணன்:
பீக் மாறுறதுக்கு அதுதான் காரணம். ஓரம் சீக்கிரம் காயுறதால துகளெல்லாம் அங்க போய்ச் சேருது. பாவுல கஞ்சி ஒரு பக்கம் திட்டா நின்னா இழை என்னாகும்னு அப்பாவுக்குத் தெரியும். ஃபேனை நிறுத்துங்க. மூடி போட்டு மெதுவாக் காய விடுங்க. அதுக்கு முன்னாடி 0.05 மைக்ரான் அலுமினாவுல தேச்சு, ஃபெர்ரிசயனைடு சோதனைக் கரைசல்ல வோல்ட்டேஜ் ஏறுறப்பவும் இறங்குறப்பவும் வர்ற ரெண்டு பீக்குக்கும் இடைவெளி 60 மில்லிவோல்ட் பக்கம் வருதான்னு பாருங்க. வரலீன்னா மறுபடி தேய்க்கோணும்.

கோபி அக்கா:
கண்ணு, இன்னொண்ணு. நானோமோலார் (மைக்ரோமோலார்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வரைக்கும் புடிக்குதுன்னு காட்ட மெனக்கெடாதே. ரத்தத்துல டெசிலிட்டருக்கு 7 மில்லிகிராம்னு ரிப்போர்ட்ல வந்தா அது 416 மைக்ரோமோலார். நீர்த்துப் போட்டாலும் தாராளம். 5 எலக்ட்ரோடு செஞ்சு அஞ்சும் ஒரே மாதிரி காட்டுதான்னு பாரு. அப்பாவுக்கு உதவுறது அதுதான். அதுவரைக்கும் அவருக்கு லேப் டெஸ்ட்டையே நம்பு. யூரிக் ஆசிட் தண்ணியில லேசுல கரையாது, துளி சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுத் தினமும் புதுசாக் கரைச்சுக்கோ.