மெயில்ல யாரோ பேங்க் நம்பர மாத்தி அனுப்பிட்டாங்க, லினக்ஸ் போட்டா சரியாயிடுமா?

பேரணாம்பட்டு:
வணக்கம். ஷூ அப்பர் ஜாப் ஒர்க் பண்ற சின்ன யூனிட், ஆபீஸ்ல ஒரே கம்ப்யூட்டர், ஐ3 6வது ஜெனரேஷன், 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. சென்னை பெரியமேட்டு பார்ட்டி ஒருத்தருக்கு மாசாமாசம் பில் மெயில்லதான் போகும். போன வாரம் அவரே போன் பண்ணி "இன்னாபா, வேற பேங்க் நம்பர் வந்துகீதே, மாத்திட்டியா"ன்றார். நான் மாத்தவே இல்ல. என் ஜிமெயில்லருந்தே என் பில்ல எடுத்து அக்கவுன்ட் நம்பரும் ஐஎஃப்எஸ்சியும் மட்டும் மாத்தி அனுப்பிகீறாங்க, என் சென்ட்ல பாத்தா அப்படி ஒரு மெயிலே இல்ல. அவர் கேட்டதால தப்பிச்சது, இல்லன்னா 1,80,000 போயிருக்கும், ஆறு பேருக்கு அதுலதான் கூலி. பாஸ்வேர்டு மாத்திட்டேன், ஆனா நேத்து அவர் அனுப்பின மெயில் எனக்கு வரவே இல்ல. ஓஎஸ் போட்டு குடுத்த கடைக்காரர் 11 போட்டா சரியாயிடும்னு 1,500 கேக்கறார், இன்னொருத்தர் லினக்ஸ்னு (விண்டோஸுக்கு பதிலா போடற இலவச ஓஎஸ்) சொல்றார். கணக்கு எழுத டேலி இருக்கு, ஜிஎஸ்டி இருக்கு, தமிழ்ல லெட்டர் அடிக்கணும். இன்னா பண்றது?

காட்பாடி:
ஓஎஸ் அப்பறம் பாக்கலாம்ணே, மொதல்ல மெயில். பாஸ்வேர்ட எந்த கம்ப்யூட்டர்ல மாத்தினீங்க? விண்டோஸ் ஒரிஜினலா, இல்ல ஆக்டிவேட்டர் (காசு குடுக்காம ஒரிஜினல் மாதிரி காட்டற திருட்டு டூல்) வச்சி போட்டதா?

பேரணாம்பட்டு:
அதே கம்ப்யூட்டர்லதான். கடைக்காரர் ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டு ஏதோ ஒன்ன ஓட்டினார், அது ஞாபகம் கீது.

காட்பாடி:
அப்போ புது பாஸ்வேர்டும் போயிருக்கும்னே வச்சிக்கோங்க. அந்த மாதிரி ஆக்டிவேட்டரோட வர்ற திருட்டு சாஃப்ட்வேர் பாஸ்வேர்டு மட்டும் எடுக்காது, பிரவுசர்ல நீங்க லாகின் ஆகி இருக்கிறத ஞாபகம் வச்சிருக்கிற குக்கீன்ற சின்ன ஃபைலையும் தூக்கிட்டு போகும், அத வச்சி ஓடிபி இல்லாமலே உள்ள வருவாங்க. கம்ப்யூட்டர் நெட்ட கழட்டிடுங்க. சுத்தமா இருக்கிற ஒரு போன்ல திரும்ப பாஸ்வேர்டு மாத்தி, தெரியாத டிவைஸ் எல்லாத்தையும் சைன் அவுட் பண்ணி, 2 ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு சரிபார்ப்பு) போட்டு, பேக்கப் கோடு 10 குடுப்பாங்க அத பேப்பர்ல எழுதி பீரோல வைங்க. ரெக்கவரி நம்பர் உங்களுதுதானான்னு பாருங்க.

அப்பறம் வேற நல்ல கம்ப்யூட்டர்ல ஜிமெயில் செட்டிங்ஸ் போயி ஃபில்டர்ஸ் (வர்ற மெயில தானா என்ன பண்ணணும்னு போட்டு வைக்கிற ரூல்), ஃபார்வர்டிங் ரெண்டையும் பாருங்க (போன் ஆப்ல இது தெரியாது). பாஸ்வேர்ட நூறு தடவ மாத்தினாலும் உள்ள வச்சிட்டு போன ஃபில்டர் அப்படியேதான் இருக்கும். பார்ட்டி மெயில் வராததுக்கு இதுதான் காரணம்னு தோணுது.

பேரணாம்பட்டு:
பக்கத்துல தம்பி லேப்டாப்ல பாத்தேன். ஃபில்டர்ல பார்ட்டி மெயில் ஐடி போட்டு, தெரியாத ஐடிக்கு ஃபார்வர்டு, அப்பறம் டெலிட். ட்ராஷ்ல அவரோட மெயில் 4 கிடக்குது. கை நடுங்குது.

காட்பாடி:
ட்ராஷ்ல 30 நாள்தான் இருக்கும், வெளிய எடுத்துடுங்க. ஃபில்டர அழிக்கறதுக்கு முன்ன போட்டோ எடுத்து cybercrime.gov.in-ல கம்ப்ளெயின்ட் குடுங்க, பணம் போகலன்னாலும் குடுக்கலாம், போயிருந்தா உடனே 1930. உங்க மத்த பார்ட்டி எல்லாருக்கும் போன் போட்டு சொல்லிடுங்க, மெயில் போடாதீங்க.

குடியாத்தம்:
ஓஎஸ் பத்தி நான் சொல்றேன், டைப்பிங் சென்டர் வச்சிருக்கேன். விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. 11க்கு இன்டெல்ல பொதுவா 8வது ஜெனரேஷன் வேணும், உங்க ஐ3ல முறைப்படி ஏறாது, கடைக்காரர் திரும்ப ஏதோ குறுக்கு வழிலதான் போடுவார், அந்த 1,500 குடுக்காதீங்க தயவுசெஞ்சி. லினக்ஸ்ல ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22 உங்க மெஷின்ல நல்லா ஓடும், 2029 வரைக்கும் அப்டேட் கீது. வேற கம்ப்யூட்டர்ல பென்டிரைவ்ல ஏத்தி இன்ஸ்டால் பண்ணாம அப்படியே பூட் பண்ணி வைஃபை, பிரிண்டர் ஓடுதான்னு மொதல்ல பாருங்க, பிரிண்டர்தான் சில மாடல் படுத்தும். தமிழ்99 கீபோர்டு அதுலயே இருக்கு. வானவில்ன்ற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்ச லெட்டர்னா ஃபான்ட் ஃபைல காப்பி பண்ணா தெரியும், ஆனா புதுசா அடிக்கிறத யூனிகோட்ல அடிங்க.

டேலிதான் சிக்கல், அது விண்டோஸ்லதான் ஓடும். யூனிட் உங்க சொந்த பேர்ல இருந்தா ஜிஎஸ்டிக்கு ஓடிபி போதும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் தேவையில்ல, பிரவுசர்லயே முடிஞ்சிடும். அதனால நானா இருந்தா டேலி டேட்டாவ மட்டும் பேக்கப் எடுத்துட்டு ஹார்ட் டிஸ்க்க முழுசா ஃபார்மட் பண்ணி, மெயிலும் பேங்கும் மின்ட்ல வச்சிப்பேன், டேலிக்கு பழைய லேப்டாப் ஒன்னு ஒரிஜினல் விண்டோஸோட வாங்கி அதுல மெயிலே தொறக்க மாட்டேன்.

பேரணாம்பட்டு:
சொந்த பேர்லதான் கீதுக்கா. ஃபில்டர் எடுத்தாச்சி, கம்ப்ளெயின்ட் போட்டாச்சி, பெரியமேட்டு பார்ட்டிகிட்ட பேசிட்டேன், இனிமே அக்கவுன்ட் மாத்தம்னா என் குரல கேட்டாதான் போடுவேன்னு சொல்லிட்டார். ஞாயித்துக்கிழம யூனிட் லீவு, அன்னிக்கி பென்டிரைவ்ல மின்ட் ஏத்தி பாக்கறேன். பிரிண்டர் ஓடலன்னா மாடல் நம்பரோட வந்து கேக்கறேன்.